பூட்டிய ஹாலில் மூன்று மீன்கள்

மீன்களுக்குத் தீனி போடுவது பொடிசின் வேலை. தொட்டி மூடியில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, இரண்டு விரலால் கிள்ளி, "இது பெரியவருக்கு, இது அவசரக்குடுக்கைக்கு, இது தூங்குமூஞ்சிக்கு" என்று பங்கு பிரித்துப் போடுவாள். மூன்று பங்கையும் அவசரக்குடுக்கையே வந்து விழுங்கிவிடும். தினமும் நடக்கிற அநியாயம்தான். தினமும் அவள் அதைத் திட்டுவாள். பிறந்தநாளுக்கு முந்தின மாலையும் அப்படித்தான் போட்டாள், அப்படித்தான் திட்டினாள். பிறகு அவளை ஹாலிலிருந்து வெளியேற்றினார்கள். மறுநாள் அவளுக்கு ஐந்து வயது ஆகிறது. ஹால் கடலாக மாறப்போகிறது. மாறி முடிக்கும்வரை அவள் பார்க்கக் கூடாது.

கையில் ஈரத்துண்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் அவளுடைய மாமா. எரிந்த கோடவுன், வெள்ளம் புகுந்த கடை என்று காப்பீட்டுக் கம்பெனிக்காகப் போய்ப் பார்த்து, கேடு எங்கே தொடங்கியது, யாரால் தொடங்கியது என்று சொல்வது அவருக்குத் தொழில். சொந்தக்காரர்கள்கூட அவரைச் சர்வேயர் என்றே கூப்பிடுவார்கள். பொடிசின் அம்மா அவருக்கு ஒரே தங்கை. இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் வளர்த்த மீன்கள் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தன. பெயர் வைத்ததும் அவள்தான்.

ஹாலில் என்ன வேலை நடந்தாலும், ஒட்டடை அடித்தாலும் சரி, சுவருக்கு வர்ணம் பூசினாலும் சரி, தங்கை முதலில் ஈரத்துண்டைப் பிழிந்து தொட்டியின் மேல் போடுவாள். அதைச் சர்வேயர் மறக்கவில்லை. அன்றைக்கும் அவர்தான் துண்டு கேட்டு வாங்கி, மூடியின் நான்கு ஓரமும் மூடும்படி இழுத்துவிட்டார்.

"இந்த வீட்ல இதெல்லாம் ஞாபகம் வெச்சிக்க ஒரு ஆள் வேணும்ல" என்றார், பொதுவாக.

பொதுவாகச் சொன்னது யார் காதுக்கு என்று எல்லோருக்கும் தெரியும். பொடிசின் அப்பா, அதாவது சர்வேயரின் மாப்பிள்ளை, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சாதுவான மனிதர். போன வருடம் இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்டார். வந்தவள் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். பொடிசு அவளைச் சித்தி என்பாள். சித்தியோ சர்வேயரை முதல் நாளிலிருந்தே அண்ணா என்றாள். அவர் அவளை எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. நீங்க, வாங்க என்று மரியாதையைச் சுவர்போல் கட்டி வைத்திருந்தார்.

இந்தப் பிறந்தநாள் ஏற்பாடு முழுக்க அவளுடையது. ஒரு மாதமாக ஆபீஸ் விட்டு வந்து காகிதத் தட்டில் எட்டுக்கால் ஒட்டி, கூரையிலிருந்து ரிப்பன் ஜெல்லி மீன் தொங்கவிட்டு, சுவரெல்லாம் நீலத்துணி கட்டி, வாசலில் அட்டைக் கப்பல் ஒன்று நிறுத்தியிருந்தாள். வருகிற குழந்தைகள் பலகைமேல் நடந்து கடலுக்குள் இறங்க வேண்டும். பால்கனியில் ஒரு பழைய பெட்டிக்குத் தங்க நிறம் ஸ்ப்ரே அடித்துப் புதையல் பெட்டி ஆக்கியிருந்தாள். மாப்பிள்ளை பலூன் ஊதி ஊதித் தலைசுற்றி உட்கார்ந்திருந்தார். கடலில் பலூன் எதற்கு என்று சர்வேயர் கேட்டபோது, "அது நீர்க்குமிழி மச்சான், என் மூச்சு பூரா அதுலதான் இருக்கு" என்றார்.

எல்லாவற்றுக்கும் நடுவில் தொட்டி. இந்தக் கடலில் உயிருள்ளது அது ஒன்றுதான். தன் தங்கையின் தொட்டியை இவள் அலங்காரச் சாமானாக வைக்கிறாளே என்று சர்வேயருக்கு வயிறு எரிந்தது. அவர் மனதில் வேறு ஒரு கணக்கும் இருந்தது. ஒரே ஒரு காரணம் கிடைத்தால் போதும், பொடிசைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவது. மாப்பிள்ளையிடம் ஜாடையாக இரண்டு முறை சொல்லியும் இருந்தார்.

வேலை முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பினார். அவருடைய பரிசை, ஒரு மரக்கப்பலை, ஒளித்துவைக்க வேண்டும். பொடிசு திறக்காத அலமாரி அந்த வீட்டில் ஒன்றுதான். தொட்டியைத் தாங்கும் மேஜையின் அடியில் இருக்கும் சின்ன அலமாரி. உள்ளே மோட்டார் இருந்தது. அங்கே கரண்டு பூதம் குடியிருக்கிறது என்று அவளுடைய அம்மா சொல்லி வைத்திருந்தாள். பூதத்தின் வீட்டைத் திறந்தபோது ஒரு கரப்பான் ஓடியது. அதற்கும் ஒரு வழி பண்ணிவிட்டு, பரிசை உள்ளே வைத்துக் கதவை அழுத்தி மூடி, சற்றுப் பொறுத்துத் துண்டை எடுத்து உலரப்போட்டார். மீன்கள் நன்றாக நீந்திக்கொண்டிருந்தன.

"பூட்டிக்கலாம்" என்றார். பொடிசின் சித்தி பூட்டினாள். சாவி அவளிடம் இருந்தது. சர்வேயர் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஆறே கால். மாப்பிள்ளையிடமிருந்து போன்.

"மச்சான், உடனே வாங்க. மீன் எல்லாம் போயிடுச்சு. பொடிசு இன்னும் எந்திரிக்கல."

ஆறரைக்குச் சர்வேயர் ஹாலில் நின்றார்.

பெரியவர் தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது, உடம்பு வில்லாக வளைந்து. மற்ற இரண்டும் மேலே மிதந்தன. ரிப்பன் ஜெல்லி மீன்கள் மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கடலில் அசைந்ததெல்லாம் காகிதம்.

 அப்போதும் தொழில் பழக்கம் அவரை விடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், ஒரு சுற்று வந்தார்.

ஜன்னல்கள் உள்ளே தாழிட்டபடி இருந்தன. தொட்டியின் மூடி சரியாக இருந்தது. ஆனால் தண்ணீர், கண்ணாடியில் காலம் காலமாய்ப் படிந்த வெள்ளைக் கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது. மேஜையடியில் விரித்த நீலப் பாய் மிதித்தால் சொதசொதத்தது. சுவரில் மோட்டாரின் சுவிட்ச் அணைந்திருந்தது. குளியலறைக்குப் போய்ப் பார்த்தார். வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நிமிர்த்தினால் உள்விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு செதில்.

திரும்பி வந்து, வாசலில் நின்ற பொடிசின் சித்தியைப் பார்த்தார். நைட்டியின் வலது கை முழங்கை வரை ஈரம். இடது கை காய்ந்திருந்தது.

"சாவி?"

"என்கிட்டதான் இருந்துச்சு."

"வேற சாவி?"

"இல்ல."

"எத்தனை மணிக்குத் திறந்தீங்க?"

"ஆறு மணிக்கு. இவரும்தான் கூட இருந்தாரு."

"அதுக்கு முன்னாடி உள்ள போனீங்களா?"

பதில் வரக் கொஞ்சம் நேரமானது.

"இல்லண்ணா."

இந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் சர்வேயர் இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறார். கடைக்குத் தானே தீ வைத்துவிட்டு அழுகிற முதலாளிகளிடம் இதே இடைவெளியை அவர் கேட்டிருக்கிறார்.

மாப்பிள்ளையை உட்காரச் சொன்னார். அவளை உட்காரச் சொல்லவில்லை. பிறகு, கம்பெனி அறிக்கை வாசிக்கிற குரலில், ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பூட்டிய அறை. ஒரே சாவி. உள்ளே போகவே இல்லை என்கிறவளின் கை முழங்கை வரை நனைந்திருக்கிறது. தொட்டித் தண்ணீர் குறைந்திருக்கிறது. வாளியில் மீன் செதில் இருக்கிறது. மோட்டார் தானாக அணையாது, ஒரு விரல் அணைத்திருக்கிறது. முந்தின நாள் இதே வீட்டில் விஷ வாசனையோடு ஸ்ப்ரே அடித்தவர் ஒருவர்தான்.

"தொட்டி ஏன் உங்க கண்ணை உறுத்துதுன்னு எனக்குப் புரியுது" என்றார். "இந்த வீட்ல என் தங்கச்சி மிச்சம் வெச்சிட்டுப் போனது ரெண்டே ரெண்டு. ஒண்ணு இதுல செத்து மிதக்குது. இன்னொண்ணு உள்ள தூங்குது. அது இனிமே இங்க இருக்க வேண்டாம் மாப்பிள. இன்னைக்கே என்கூட வரட்டும்."

  மாப்பிள்ளை மனைவியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததும் அவள் முகம் மாறிய விதத்தைச் சர்வேயர் குற்றவாளியின் முகம் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

"நான் கொல்லலண்ணா" என்றாள். 

"அப்ப யாரு?"

அவள் தரையைப் பார்த்தாள்.

இவ்வளவு இருந்தும் அறிக்கை முடியவில்லை. ஆயுதம் வேண்டும். தங்க ஸ்ப்ரேயைத் தண்ணீரில் அடித்திருந்தால் மேலே பொட்டுப் பொட்டாகத் தங்கம் மினுங்கும். குனிந்து பார்த்தார், இல்லை. மோட்டாரை நிறுத்தியதால் செத்ததா என்றால், அதுவும் ஒட்டவில்லை. மின்சாரம் பாதி நாள் போன சமயங்களில்கூட இந்த மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டு பிழைத்துக் கிடந்தன. இது மூச்சு முட்டிய சாவு இல்லை. வளைந்து கிடக்கிற உடம்பு வேறு என்னவோ சொல்கிறது.

தன்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு அவர் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. புகை எங்கே போச்சுன்னு பாக்காதே, காத்து எங்கேருந்து வந்துச்சுன்னு பாரு. மூடிய கோடவுனில் கரி எங்கே படியும் என்பதைக் காற்றின் வழிதான் தீர்மானிக்கிறது. அதே கண்ணோடு தொட்டியைப் பார்த்தார்.

மூடியிருக்கிற தொட்டிக்குள் வெளியிலிருந்து போகிறது ஒன்றே ஒன்றுதான். காற்று. அது ஒரு மெல்லிய ரப்பர் குழாயில் போகிறது. தண்ணீருக்குள் குமிழி விடுகிற கல்லில் தொடங்கி அந்தக் குழாயின்மேல் விரலை ஓட்டினார். மூடியின் மூலையில் ஏறியது. பின்பக்கம் இறங்கியது. மேஜையின் முதுகில் ஒரு துளைக்குள் நுழைந்தது. துளைக்கு அந்தப்பக்கம் கரண்டு பூதத்தின் வீடு.

மண்டியிட்டு அலமாரிக் கதவைத் திறந்தார்.

வாசனை முகத்தில் அறைந்தது. மூக்கைக் கூசவைக்கிற, மண்ணெண்ணெயும் மலிவான பூவும் கலந்த வாசனை. ஓர் இரவு முழுவதும் அடைபட்டுக் கிடந்தது. உள்ளே மோட்டார். அதன் பக்கத்தில் பளபளக்கும் தாளில் சுற்றிய மரக்கப்பல். கப்பல்மேல் மல்லாந்து கிடந்தது ஒரு கரப்பான், ஆறு காலையும் ஆகாயத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு.

முந்தின மாலை சமையலறையிலிருந்து பூச்சி மருந்து டப்பாவைக் கொண்டுவந்து இதற்குள் அடித்த கை அவருடையது. ஒரு தடவை இல்லை, கரப்பான் மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்ததால் மூலை மூலையாக, தாராளமாக. அடித்துவிட்டுக் கதவையும் அழுத்தி மூடினார். மேலே ஈரத்துண்டு இருக்கிறது, மீனுக்கு ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாக இருந்தார். கீழே மோட்டார் அந்த மருந்துக் காற்றை உறிஞ்சி உறிஞ்சி, குமிழி குமிழியாக மீன்களின் வாயருகே கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது.

தங்கை துண்டு போடுவாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். போடுவதற்கு முன் சுவிட்சையும் அணைப்பாள் என்பதை அவர் கவனித்ததே இல்லை. பாதிப் பாடத்தைப் படித்துவிட்டு, முழுப்பாடம் படிக்காதவர்கள் என்று ஊரை ஏசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்ன மச்சான், ஏதாவது கெடச்சுதா?" மாப்பிள்ளை பின்னாலிருந்து கேட்டார்.

சர்வேயர் கதவை மூடினார்.

"ஒண்ணும் இல்ல" என்றார்.

சொன்ன குரல் அவர் காதிலேயே விழுந்தது. இருபது வருடமாக எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்ட குரல். பூட்டிய அறை, ஒரே சாவி, ஈரமான கை எல்லாம் அப்படியே இருக்கின்றன. இந்த ஒரு கதவை மூடி வைத்தால் அறிக்கை முழுமை. பொடிசு சாயங்காலம் அவர் வீட்டில் இருப்பாள். இதை அவர் நினைத்தார். நினைக்கவில்லை என்று பிறகு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தும் முடியவில்லை. நினைத்தார்.

வாசலில் நின்றவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அவரை உறுத்தியது. குற்றம் செய்தவள் என்றால், எதிராளி தேடி எதுவும் கிடைக்காதபோது ஒரு மூச்சாவது விடுவாள். அவள் விடவில்லை. அவர் எதைப் பார்த்தார் என்று கேட்கவும் இல்லை.

மறுபடி கதவைத் திறந்தார். அவசரத்தில் முதலில் காணாமல் விட்டதை இப்போது பார்த்தார். கப்பல் சுற்றிய பளபளத் தாளில், கரப்பானுக்குப் பக்கத்தில், நாலைந்து இடத்தில் தாள் சுருங்கிச் சுருங்கி உலர்ந்திருந்தது. நீர்த்துளி சொட்டிய தடம். ஈரக்கையோடு யாரோ இந்தக் கதவைத் திறந்து, எட்டிப் பார்த்து, பரிசைத் தொடாமல் மூடியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு தடயமும் அப்படியே புரண்டு படுத்தது. மோட்டாரை நிறுத்தியது கொல்வதற்கு இல்லை, விஷக்காற்றை நிறுத்துவதற்கு. தண்ணீர் குறைந்தது, கெட்ட தண்ணீரை இறைத்து நல்ல தண்ணீர் ஊற்றியதில். நிரப்பி முடிக்க மீன்கள் நேரம் கொடுக்கவில்லை. வாளியில் செதில், துடிக்கிற மீனை வேறு தண்ணீரில் விட்டுப் பார்த்ததில். பலூன் ஏதாவது இறங்கிவிட்டதா என்று பார்க்கவோ என்னவோ, விடியுமுன் வந்தவள், தனியாக மூன்று உயிரோடு மல்லாடியிருக்கிறாள். மல்லாடித் தோற்ற பிறகு, பூட்டி, ஆறு மணிக்குப் புருஷனோடு சேர்ந்து புதிதாகத் திறப்பதுபோலத் திறந்திருக்கிறாள். வாசனையும் பரிசும் கரப்பானும் பார்த்த அந்த நிமிடமே, யார் என்று அவளுக்குத் தெரியும். அவர் நிற்க வைத்துக் கேள்வி கேட்ட நேரம் முழுவதும் தெரியும்.

எழுந்தார். முழங்கால் வலித்தது. இதுவரை எத்தனையோ பேரைப் பெயர் சொல்லிக் காட்டியிருக்கிறார். ஒருமுறையும் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"மாப்பிள, நான்தான்" என்றார். "கீழ பூச்சி மருந்து அடிச்சேன். மோட்டார் ஓடிட்டிருந்துச்சு. இவங்க காப்பாத்தத்தான் பாத்திருக்காங்க. இப்ப ஒண்ணும் இல்லன்னு சொன்னேன் பாருங்க, அதுவும் பொய்."

மாப்பிள்ளை அலமாரிக்குள் பார்த்தார். பார்த்துவிட்டு, மச்சானைத் திட்ட வேண்டியவர், மனைவி பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சர்வேயர் அவளிடம் கேட்டார். "ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? உங்க மேல பழியைப் போடுறேன்னு சொல்லியிருப்பீங்க." குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "டப்பாவுக்குப் பின்னாடியே போட்டிருக்குண்ணா, மீன்தொட்டி இருந்தா மூடணும், மோட்டாரை நிறுத்தணும்னு. நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவள் பொடிசு தூங்குகிற அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கு அவ பிறந்தநாள். அவ அம்மா பக்கம்னு அவளுக்கு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். என்னை வெறுத்தா நாளைக்குச் சரியாகிடும், நான் இங்கதான இருக்கப்போறேன். உங்கள வெறுத்துட்டா?"

இதற்கு வேறு பதில் இருந்திருக்கலாம். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பொடிசிடம் தானே சொல்வதாகச் சொன்னார். வேண்டாம், மீன்கள் டாக்டரிடம் போயிருக்கின்றன என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் மாப்பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாத கதையை அந்தக் குழந்தைக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டாம் என்றாள் அவள்.

ஏழரை மணிக்குப் பொடிசு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். கடலைப் பார்த்து வாய் பிளந்தாள். ஜெல்லி மீன்களை எண்ணப் பார்த்தாள். கடைசியில்தான் தொட்டிக்கு வந்தாள். மாமா அவளுக்குச் சமமாகக் கீழே உட்கார்ந்து சொன்னார். கரப்பானையும் விடாமல் சொன்னார்.

அவள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அழுகை உடனே வரவில்லை.

"வேணும்னே பண்ணீங்களா?"

"இல்லடா."

"அப்ப சாரி சொல்லுங்க."

"சாரிடா கண்ணு."

"எனக்கில்ல. அவங்களுக்கு."

அவர் தொட்டியின் பக்கம் திரும்பி, பெரியவருக்கு ஒன்று, அவசரக்குடுக்கைக்கு ஒன்று, தூங்குமூஞ்சிக்கு ஒன்று என்று தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். அப்புறம்தான் பொடிசு அழுதாள். அழுதுகொண்டு ஓடியது சித்தியிடம். ஈரமான கையாலேயே அவள் வாங்கி அணைத்துக்கொண்டாள். சர்வேயர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். தன் பங்கு மன்னிப்பில் ஒன்று இன்னும் மிச்சம் இருந்தது. அதைக் கேட்க வாய் எடுத்தபோது, அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஒரு வருடமாகப் பழகாத சொல் அவசரத்துக்கு வருமா? "தப்பு என்னுதும்மா" என்றார். அவள் குழந்தையின் தலைக்கு மேலே தலையசைத்தாள். சரி என்று அர்த்தமா, இப்போது வேண்டாம் என்று அர்த்தமா, அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விழா நடந்தது. நடக்கத்தான் வேண்டும், இருபது குழந்தைகளுக்குச் சொல்லியாகிவிட்டது. மீன்களைக் காலையிலேயே பின்பக்கத்துச் செடியடியில் புதைத்தார்கள். தொட்டியை அப்படியே விட்டார்கள். சர்வேயருக்குக் கொடுத்த வேலை, கடற்கொள்ளைக்காரன் தொப்பி போட்டுக்கொண்டு அட்டைக் கப்பல் வாசலில் நிற்பது. பொடிசு பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராக வரவேற்றாள்.

"இவங்க எங்க மாமா. எங்க மீனு இவங்களாலதான் செத்துப்போச்சு. தெரியாம பண்ணிட்டாங்க. சாரி சொல்லிட்டாங்க."

குழந்தைகள் தலையாட்டிவிட்டுப் பலகைமேல் நடந்து போனார்கள். கூட வந்த பெற்றோர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்தார்கள். ஒவ்வொரு முறையும் சர்வேயர் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தார். உள்ளே கேக் மேஜையருகே நின்றவளுக்கு இது எல்லாமே கேட்கும். அவள் ஒரு முறைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது அவருக்காகத்தான் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தது இன்னும் கனத்தது.

பொடிசைக் கூட்டிப்போகும் பேச்சை அவர் அதன்பிறகு எடுக்கவே இல்லை.

கேக் வெட்டி, கைதட்டி, குழந்தைகள் புதையல் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மணி ஆறு அடித்தது. தொட்டிக்குள் விளக்கு தானாக எரிந்தது. தங்கை வைத்துவிட்டுப் போன டைமர் அது. அதை மாற்றத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை. வெறும் தண்ணீர்மேல் வெளிச்சம் விழுந்தது.